ஈரலில் நீர்க்கட்டி, கட்டிக்குள் பாக்டீரியா: எது எங்கிருந்து வந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. கறிக்கடையில் நல்ல கூட்டம். கடைக்கார அண்ணன் ஒரு ஆட்டு ஈரலை எடுத்து மரக்கட்டை மேல் போட்டுக் கத்தியை இறக்கினார். ஈரலின் ஓரத்தில் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஓர் இடம் வெளிறிப் புடைத்திருந்தது. கத்தி நுனி அதில் பட்டதும் சர்ரென்று தண்ணீர் பீறிட்டது. ரத்தமும் இல்லை, சீழும் இல்லை, தெளிந்த கிணற்று நீர் போன்ற தண்ணீர். வெட்டிய குழிக்குள் வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒரு தோல் சுருண்டு கிடந்தது.

"சீழ் வச்சிருக்கு" என்றார் முன்னால் நின்றவர். "கொழுப்புக் கட்டிங்க அது" என்றார் இன்னொருவர். ஒரு கல்லூரிப் பையன் "பாக்டீரியா இன்ஃபெக்‌ஷன்" என்றான். "புழுவா இருக்கும்" என்று ஒரு பாட்டி முணுமுணுத்தார். கடைக்கார அண்ணன் மட்டும் பதறவில்லை. "நீர்க்கொப்புளம் சார். அந்த எடத்த மட்டும் எடுத்துட்டாப் போதும்" என்று சொல்லி, அந்தத் துண்டை அறுத்துக் கடைக்குப் பின்னால் வீசினார். அங்கே காத்திருந்த இரண்டு நாய்கள் அதைக் கவ்விக்கொண்டன.

அன்று சரியாகச் சொன்னவர் பாட்டிதான். பையன் சொன்னது அந்தக் கட்டிக்குப் பொருந்தாது. ஆனாலும் சில ஈரல்களில் அவன் சொன்னதும் உண்மையாகிவிடும், புழுவின் கட்டிக்குள்ளேயே பாக்டீரியாவும் இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயப்படுகிறோம். அதைப் பிரித்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

அந்த நீர்க்கட்டியை உண்டாக்கும் உயிரியின் பெயர் எக்கைனோகாக்கஸ் கிரானுலோசஸ். 'காக்கஸ்' என்று முடிகிறதே, பாக்டீரியாதான் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். நினைப்பதில் தப்பில்லை. சீழ்ப்புண்ணில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ், தொண்டைப் புண்ணில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று நாம் கேள்விப்பட்ட காக்கஸ்கள் எல்லாம் பாக்டீரியாக்கள்தானே.

கிரேக்க மொழியில் காக்கஸ் என்றால் மணி, தானிய மணி. உருண்டையாக இருக்கும் எதற்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். எக்கைனோஸ் என்றால் முள்ளெலி. முள் வைத்த மணி என்பதே இந்தப் பெயரின் பொருள். இது ஒரு நாடாப்புழு, அதாவது துண்டு துண்டாகக் கோத்த நாடா போன்ற உடலுடன் குடலில் ஒட்டி வாழும் புழு. நாயின் சிறுகுடலில் வாழும் முழு வளர்ச்சி பெற்ற புழு வெறும் 2 முதல் 7 மில்லிமீட்டர் நீளம். அரிசிமணியை விடச் சின்னது. ஆனாலும் அது ஒரு விலங்கு. தசை உண்டு, நரம்பு உண்டு, பிடித்துக்கொள்ளக் கொக்கிகள் உண்டு.

பாக்டீரியா அப்படியல்ல. ஒற்றை செல் உயிரி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் அகலம். சாதகமான சூழல் கிடைத்தால் ஈ. கோலை போன்றவை 20 நிமிடத்தில் இரண்டாகும், நாற்பதில் நான்காகும். நீர்க்கட்டி வளர மாதங்களும் வருடங்களும் ஆகும். இந்த வேக வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாய், ஆடு, மறுபடியும் நாய்

நாயின் குடலில் இருக்கும் புழு முட்டை இடுகிறது. முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியே வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு அவை. முப்பது முட்டைகளை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். ஈரப்பதமுள்ள இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆடோ மாடோ எருமையோ புல்லோடு சேர்த்து அதை விழுங்குகிறது.

விழுங்கிய முட்டை குடலில் உடைந்து, உள்ளிருந்து ஒரு நுண்ணிய குஞ்சு வெளிவருகிறது. அது குடல் சுவரைத் துளைத்து ரத்தக்குழாயில் ஏறிவிடும். குடலிலிருந்து வரும் ரத்தமெல்லாம் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். குடலிலிருந்து அங்கே செல்லும் பெரிய குழாய்க்கு வாயிற்சிரை என்று பெயர், ஈரலின் வாசல் வழி. அதனால்தான் இந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை ஈரலில் சிக்கிக்கொள்கின்றன. அங்கே சிக்காமல் தப்பியவற்றுக்கு அடுத்த வலை நுரையீரல்.

சிக்கிய இடத்திலேயே குஞ்சு ஒரு நீர்ப்பையாக ஊதத் தொடங்குகிறது. அந்தப் பையின் உள்சுவரில் புழுத் தலைகள் முளைக்கின்றன. ஒரு கட்டியில் ஆயிரக்கணக்கில் இருக்கும். கட்டி நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் அடியில் நுண்மணல் போலப் படியும். நீர்க்கட்டி மணல் என்று அதைச் சொல்வார்கள். அதில் ஒரு சொட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். மணல் என்று நினைத்த ஒவ்வொன்றும் ஒரு தலை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதன் உச்சியில் கொக்கிகள் இரண்டு வரிசையாக மகுடம் வைத்தாற்போல் அடுக்கியிருக்கும். இளஞ்சூடு கொடுத்தால் சில தலைகள் மெல்ல அசையவும் செய்யும். ஒருமுறை அதைப் பார்த்தவர் பிறகு அதை 'வெறும் நீர்க்கொப்புளம்' என்று சொல்லவே மாட்டார்.

அந்தக் கட்டியை ஒரு நாய் தின்றால் ஒவ்வொரு தலையும் ஒரு முழுப் புழுவாக வளர முடியும். ஐந்தாறு வாரத்தில் அந்தப் புழுக்கள் முட்டை வெளியேற்றத் தொடங்கிவிடும். 1852-இல் கார்ல் வான் சீபோல்ட் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் ஆட்டின் கட்டிகளை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்து இதை நிரூபித்தார். அதற்கு முன்பு வரை ஈரல் கட்டி ஒரு நோய், நாய்க் குடல் புழு வேறொன்று என்றுதான் உலகம் நினைத்திருந்தது.

இதுவரை பார்த்தது: ஈரலில் இருக்கும் தெளிந்த நீர்க்கட்டி ஒரு நாடாப்புழுவின் குழந்தைப் பருவம். அது நாயிலிருந்து ஆட்டுக்கும், ஆட்டிலிருந்து மறுபடி நாய்க்கும் போகிறது. இந்தச் சுற்றில் பாக்டீரியாவுக்கு எந்த வேலையும் இல்லை.

கட்டியை ஓர் இளநீர்க் காயாக நினைத்துக்கொள்ளுங்கள்

கட்டியின் அமைப்பைப் புரிந்துகொள்ள இளநீரை விட நல்ல உவமை எனக்குத் தெரியவில்லை. இளநீர்க் காய்க்கு வெளியே நார் மட்டை, அதற்குள் ஓடு, ஓட்டின் உட்புறம் ஒட்டிய வழுக்கை, நடுவில் தண்ணீர்.

நீர்க்கட்டியிலும் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே இருக்கும் நார் அடுக்கு புழுவுடையது அல்ல, ஆட்டினுடையது. வேண்டாத ஒன்று உள்ளே வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஈரல் அதைச் சுற்றி நார்த் திசுவால் வேலி கட்டிவிடுகிறது. அதற்குள், ஓட்டின் இடத்தில் இருப்பது படல அடுக்கு. கறிக்கடையில் வெள்ளைக்கரு போலச் சுருண்டு கிடந்தது இதுதான். தாள் மேல் தாள் ஒட்டியது போல அடுக்கடுக்காகப் புழு தானே சுரந்து கட்டிய சுவர். இதில் செல்களே கிடையாது. எல்லாவற்றுக்கும் உள்ளே, வழுக்கையின் இடத்தில் மிக மெல்லிய முளையடுக்கு. புழுவின் உயிருள்ள பகுதி இதுதான். தலைகள் முளைப்பது, தண்ணீர் சுரப்பது, படல அடுக்கைக் கட்டுவது எல்லாம் இதன் வேலை.

உவமை ஓரிடத்தில் பொருந்தாது. தேங்காய் ஓடு கெட்டி. படல அடுக்கோ மெத்தென்று இருக்கும், வடிகட்டித் துணி போல வேலை செய்யும். கரைந்த உப்பு, சர்க்கரை, புரதம் எல்லாம் அதன் வழியே போய்வரும். ஆட்டின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள்கூட உள்ளே போகும். முழு செல்கள் போக முடியாது. ஆட்டின் வெள்ளை அணுக்களாலும் முடியாது, பாக்டீரியாவாலும் முடியாது. அதனால்தான் உயிரோட்டமான, உடையாத கட்டிக்குள் இருக்கும் நீர் வழக்கமாகத் தூய்மையானது. சீவாத இளநீர் கெடாமல் இருப்பது போல.

ஆனால் அந்த நீர் வெறும் நீர் அல்ல. உப்பும் சர்க்கரையும் புரதமும் கரைந்த சத்து நீர். சீவி வைத்த இளநீர் மாலைக்குள் நொதித்துப் புளித்துவிடுகிறதே, அதேபோல் இங்கேயும் ஒரு துளை விழுந்து பாக்டீரியா உள்ளே போய்விட்டால் அதற்கு விருந்துதான்.

துளை எங்கே விழுகிறது?

தேங்காய்க்கு மூன்று கண் உண்டு, அதில் ஒன்று மெல்லியது. கட்டிக்கும் பலவீனமான இடங்கள் உண்டு. பாக்டீரியா வரக்கூடிய வழிகள் முக்கியமாக இரண்டு.

முதல் வழி ரத்தம். ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வாயிற்சிரை வழியாகத்தான் வருகிறது. குடல் என்பது கோடானுகோடி பாக்டீரியா குடியிருக்கும் இடம். அதில் ஒன்றிரண்டு எப்போதும் ரத்தத்தில் நழுவி ஈரலுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். ஈரலின் நுண்குழாய்களில் இதற்கென்றே காவலர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூஃப்பர் செல்கள் என்று பெயர், வரும் பாக்டீரியாவைப் பிடித்து விழுங்குவதே அவற்றின் தொழில். பெரும்பாலும் அங்கேயே கதை முடிந்துவிடும். ஆனால் கூட்டமாக வந்தால் காவல் தோற்கும்.

காவல் தோற்பதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் ஒன்று உண்டு, அதில் புழுவே இல்லை. அமெரிக்காவில் மாடுகளைக் கொழுக்க வைக்கும் பெரிய தீவனப் பட்டிகளில் தானியத்தை அதிகமாகக் கொடுப்பார்கள். தானியம் மிகுந்தால் மாட்டின் முதல் வயிறு புளித்து அமிலமாகும். அமிலம் வயிற்றுச் சுவரைப் புண்ணாக்கும். அந்தப் புண் வழியாக ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற பாக்டீரியா ரத்தத்தில் ஏறி ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி உண்டாக்கும். அந்தப் பட்டிகளில் அறுக்கப்படும் மாடுகளில் நூற்றுக்கு 12 முதல் 32 வரை இப்படிச் சீழ்க்கட்டி இருந்ததாக 1990-களின் கணக்குகள் சொல்கின்றன. இதற்கு மருந்தும் வேறு, தடுப்பு முறையும் வேறு. ஆகவே ஈரலில் எந்தக் கட்டியைப் பார்த்தாலும் புழு என்று சொல்வதும் தவறுதான். கத்தி பட்டதும் தெளிந்த நீர் வந்தால் ஒரு கதை, கெட்டியான நாற்றமடிக்கும் சீழ் வந்தால் வேறு கதை.

இரண்டாவது வழி பித்தக்குழாய். ஈரல் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய்கள் ஈரல் முழுவதும் மரக்கிளை போலப் பரவியிருக்கின்றன. நீர்க்கட்டி அழுத்தத்தோடு வளரும்போது பக்கத்துக் கிளையை நசுக்கும், சில நேரம் அரித்துக் கட்டிக்குள் திறந்தும்விடும். அப்போது கட்டி நீர் பித்தம் கலந்து மஞ்சளாகிவிடும். பித்தக்குழாயின் மறுமுனை குடலில் திறக்கிறது. ஓடும் பித்தநீரில் பாக்டீரியா எளிதில் மேலேறாது, நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். கட்டி அழுத்தி ஓட்டம் தடைப்பட்டால், தேங்கிய வாய்க்காலில் பாசி பிடிப்பது போல, குடல் பாக்டீரியா மேலே ஏறிவரும். மனிதர்களின் ஈரல் நீர்க்கட்டியில் சீழ் பிடிப்பதற்கும் முக்கியக் காரணமாக அறுவை மருத்துவர்கள் சொல்வது இந்தப் பித்தக்குழாய்த் தொடர்பைத்தான்.

கட்டியின் வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதிர்ந்த கட்டியில் படல அடுக்கு விரிசல் விடும், முளையடுக்கு செத்துப்போகும், சுண்ணாம்பு படியும். பழுது பார்க்க உயிருள்ள புழு இல்லாத சுவர், ஆளில்லாத வீட்டுச் சுவர் மாதிரி. யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

நுழைந்த பிறகு என்ன நடக்கிறது?

முன்னே சொன்ன வேக வேறுபாடு இங்கேதான் வருகிறது. புழு வருடக்கணக்கில் கட்டிய வீட்டைப் பாக்டீரியா சில நாளில் ஆக்கிரமித்துவிடும். விரிசல் வழியே வெள்ளை அணுக்களும் உள்ளே பாய்கின்றன. பாக்டீரியாவும் செத்த வெள்ளை அணுக்களும் கரைந்த திசுவும் சேர்ந்ததுதான் சீழ். தெளிந்த நீர் கலங்கி, மஞ்சளாகி, கெட்டியாகிறது. புழுத் தலைகள் வழக்கமாக இதில் பிழைப்பதில்லை. முளையடுக்கு அழுகி உரிந்துவிடும்.

ஆகவே பாக்டீரியாவும் புழுவும் கூட்டாளிகள் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். பாக்டீரியா புகுந்த கட்டி பெரும்பாலும் புழுவுக்குச் சாவுதான். ஆட்டுக்கும் அது நல்லதல்ல. அதுவரை சத்தமில்லாமல் கிடந்த கட்டி இப்போது சீழ்க்கட்டி. காய்ச்சல் வரலாம், மேய்ச்சல் குறையலாம், சீழ் ரத்தத்தில் கலந்தால் உயிரே போகலாம்.

கட்டிகளில் அடிக்கடி அகப்படும் பாக்டீரியாக்கள் ஈ. கோலை, கிளெப்சியெல்லா, ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், காற்றில்லாத இடத்தில் வாழும் கிளாஸ்டிரிடியம் வகைகள். இந்தப் பட்டியலில் நீர்க்கட்டிக்கென்றே உரிய சிறப்புப் பாக்டீரியா எதுவும் இல்லை. எல்லாம் குடலிலும் தோலிலும் மண்ணிலும் எப்போதும் இருப்பவை. வாசல் திறந்திருந்தது, பக்கத்தில் இருந்தவை நுழைந்தன.

சுருக்கமாக: உடையாத கட்டிக்குள் பாக்டீரியா போவது கடினம். ரத்தம், பித்தம் ஆகிய வழிகளில், பெரும்பாலும் பழுதான கட்டிக்குள் அவை நுழைகின்றன. நுழைந்தால் நீர்க்கட்டி சீழ்க்கட்டியாகிறது.

புழு உண்மையிலேயே கதவைத் திறந்துவிடும் நோய்

புழுவும் பாக்டீரியாவும் நேரடியாகச் சங்கிலி கோக்கும் நோய் ஒன்று உண்டு. செம்மறி ஆடுகளுக்கு வருவது. ஆங்கிலேயர்களும் ஆஸ்திரேலியர்களும் அதற்குக் கருப்பு நோய் என்று பெயர் வைத்தார்கள். நீர்க்கட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த விஷயம் தெளிவாக விளங்கும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கிளாஸ்டிரிடியம் நோவியி என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்கிறது. சூழல் சரியில்லாதபோது அது தன்னைக் கெட்டியான உறைக்குள் மூடிக்கொண்டு உறங்கும். அந்த உறங்கு நிலைக்கு வித்து என்று பெயர். ஆடு மேயும்போது மண்ணோடு வித்துகள் குடலுக்குப் போய், அங்கிருந்து ஈரலுக்கும் போய்விடுகின்றன. ஈரலில் அவை சும்மா கிடக்கும். ஒரு நோயும் இல்லாத ஆட்டின் ஈரலிலும் இந்த வித்துகளைக் கண்டிருக்கிறார்கள். மழைக்காகப் புழுதியில் காத்துக் கிடக்கும் விதை போலத்தான். இந்த வித்துக்கு வேண்டிய மழை, ஆக்சிஜன் இல்லாத இடம். உயிருள்ள ஈரலில் ரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால் அப்படி ஓர் இடம் கிடைப்பதில்லை.

அந்த நேரத்தில் வருகிறது ஈரல் தட்டைப்புழு. நத்தைகள் வாழும் ஈர நிலத்துப் புல்லோடு ஆட்டுக்குள் போகும் வேறு வகைப் புழு அது. அதன் குஞ்சுகள் பித்தக்குழாயைத் தேடி ஈரல் சதையைக் குடைந்துகொண்டு போகின்றன. போன வழியெல்லாம் செத்த திசு. அங்கே ரத்தம் ஓடாது, ஆக்சிஜன் இருக்காது. உறங்கிக் கிடந்த வித்து விழித்துப் பெருகி, நச்சைச் சுரக்கிறது. நேற்று மாலை நன்றாக மேய்ந்த, நல்ல சதைப்பிடிப்புள்ள ஆடு காலையில் பட்டியில் செத்துக் கிடக்கும். தோலை உரித்தால் ரத்தம் தேங்கி உட்புறம் கருத்திருக்கும். பெயர் அதனால் வந்தது.

குடைந்து போவதற்கும் ஊதிப் பெருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். தட்டைப்புழு ஈரலைக் கிழித்துக்கொண்டு போகிறது. எக்கைனோகாக்கஸ் கட்டியோ ஓரிடத்தில் உட்கார்ந்து, பக்கத்துத் திசுவை மெல்ல மெல்லத் தள்ளி வளர்கிறது. அதனால்தான் முன்னது ஒரே இரவில் ஆட்டைக் கொல்லும் கதவைத் திறக்கிறது, பின்னது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கறிக்கடையில் குழப்புவது அதுதான். ஆட்டின் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வில் கண்ணாடி போன்ற நீர்ப்பைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் நாயிடமிருந்து வரும் நாடாப்புழுதான், ஆனால் வேறு இனம். டீனியா ஹைடாடிஜீனா என்று பெயர். அந்தப் பைக்குள் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும், அது ஒரே ஒரு தலை. எக்கைனோகாக்கஸ் கட்டியில் மணல் மணலாக ஆயிரம் தலை. இந்த ஒற்றைத் தலைக் குஞ்சும் சவ்வுக்கு வருமுன் ஈரலைக் குடைந்துதான் வரும். அதனால் இதுவும் கருப்பு நோயைக் கிளப்பிவிடக்கூடும்.

'கண்டெடுத்தோம்' என்றால் 'காரணம்' என்று பொருளல்ல

கட்டியில் பாக்டீரியா இருந்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, நீரை எப்படி எடுத்தீர்கள் என்பதுதான். என் அனுபவத்தில் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆடு அறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். குடலை எடுத்த அதே கை ஈரலையும் எடுக்கிறது. அதே கத்தி, அதே வாளித் தண்ணீர். ஈரலின் மேற்பரப்பு முழுக்கக் குடல் பாக்டீரியா பூசப்பட்டிருக்கும். அந்தப் பரப்பில் ஊசியைக் குத்திக் கட்டி நீரை எடுத்தால் ஊசியோடு ஈ. கோலையும் உள்ளே போய்விடும். அப்புறம் "கட்டியில் ஈ. கோலை கண்டோம்" என்று எழுதுவது சரியாகுமா?

முறையாகச் செய்பவர்கள் ஒரு தட்டை இரும்பைச் செக்கச்செவேலெனப் பழுக்கக் காய்ச்சிக் கட்டியின் மேல் வைப்பார்கள். சுர்ரென்று பொசுங்கி, ஒரு காசு அளவுக்குப் பழுப்பு வட்டம் விழும். அந்த வட்டத்தில் இருந்த பாக்டீரியா எல்லாம் செத்துப்போகும். அதன் நடுவே புது ஊசியைச் செலுத்தி நீரை உறிஞ்சுவார்கள். அதுவும் ஆடு அறுபட்டவுடனே. நேரம் போகப்போகச் செத்த உடலில் குடல் பாக்டீரியா தானாகவே பரவத் தொடங்கிவிடும்.

எடுத்த நீரைச் சத்துக்கூழ் பூசிய தட்டில் தடவி வளர்ப்பது பழைய முறை. உயிருள்ளவை மட்டும்தான் வளரும், அவற்றிலும் எல்லாம் வளராது. நீரில் இருக்கும் டிஎன்ஏவைப் படிப்பது புதிய முறை. வளராத பாக்டீரியாவையும் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவையும், சோதனைக்குப் பயன்படுத்திய ரசாயனத்தில் ஒட்டியிருந்த டிஎன்ஏவையும் சேர்த்தே காட்டும். எதுவும் கலக்காத வெறும் நீரை உடன்வைத்து அதே சோதனையைச் செய்திருந்தால்தான் அந்த முடிவை நம்பலாம்.

கட்டி நீரில் பாக்டீரியா வளர்கிறது, சுவரில் அழற்சியும் வெள்ளை அணுக்களும் இருக்கின்றன, நீரும் கலங்கியிருக்கிறது என்று மூன்றும் சேர்ந்து வந்தால் பாக்டீரியா உண்மையிலேயே அங்கே குடியிருந்தது என்று சொல்லலாம். தெளிந்த நீர், உயிருள்ள தலைகள், அதோடு கொஞ்சம் ஈ. கோலை என்றால் நான் கத்தியைத்தான் சந்தேகப்படுவேன்.

அப்படியானால் அந்த ஈரலைச் சாப்பிடலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் பலருக்கு வியப்பாக இருக்கும். நீர்க்கட்டி உள்ள ஈரலைத் தின்பதால் மனிதனுக்கு நீர்க்கட்டி வருவதில்லை. கட்டியில் உள்ள தலைகள் புழுவாக வளர நாயின் குடலோ, ஓநாய், நரி போன்ற அதன் இனத்தாரின் குடலோ வேண்டும். மனிதக் குடலில் அவை வளராது. மனிதனுக்கு ஆபத்து நாய் மலத்தில் வெளிவரும் முட்டை. அது நாயைத் தடவிய கையில் இருக்கலாம், கழுவாத கீரையில் இருக்கலாம், குடிநீரில் இருக்கலாம். உள்ளே போனால் ஆட்டுக்கு நடந்த அதே கதை நமக்கும் நடக்கும், ஈரலில் கட்டி வளரும். ஒரு வேளைகூடக் கறி தொடாதவருக்கும் வரும். எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் உலகில் 10 லட்சம் பேருக்கு மேல் எக்கைனோகாக்கஸ் நோயோடு இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் இந்நோய் அதிகம் காணப்படும் மாநிலங்களாக மருத்துவப் பாடநூல்கள் சொல்வது ஆந்திரத்தையும் தமிழ்நாட்டையும்.

பாக்டீரியாவின் கதை வேறு. சீழ் பிடித்த ஈரலைத் தொடவே கூடாது. நன்றாக வேகவைத்தால் பெரும்பாலான பாக்டீரியா செத்துவிடும், உண்மைதான். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் முன்கூட்டியே சுரந்து வைத்த நச்சு கொதிநீரிலும் அழியாது. கிளாஸ்டிரிடியம் வித்துகளும் சாதாரணக் கொதியைத் தாங்கிவிடும். நாற்றமோ மஞ்சள் கூழோ தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுப்பது போதாது, முழு ஈரலையும் ஒதுக்க வேண்டும். தெளிந்த நீர்க்கட்டி உள்ள ஈரலையும் இறைச்சிப் பரிசோதகர் ஒதுக்கத்தான் சொல்வார். அந்தக் கட்டி நாயிடம் போய்ச் சேராமல் தடுப்பது அதில் முக்கியமான நோக்கம்.

இங்கேதான் கடைக்குப் பின்னால் போன அந்த வீச்சு என்னைத் தொந்தரவு செய்கிறது. ஐஸ்லாந்து 19ஆம் நூற்றாண்டில் உலகிலேயே இந்நோய் மிக மோசமாகப் பரவிய நாடுகளில் ஒன்று. 1863-இல் ஹரால்டு கிராப்பே என்ற டென்மார்க் நாட்டு மருத்துவர் அங்கே போய் ஆராய்ந்து, நாய்க்கும் ஆட்டுக்கும் நடுவே நடக்கும் சுற்றை மக்களுக்குப் புரியும்படி ஒரு சிறு நூலாக எழுதினார். அது வீடு வீடாகப் போனது. கட்டியுள்ள ஈரலை நாய்க்குப் போடாதே, எரி அல்லது புதை, நாய்க்குப் புழு மருந்து கொடு என்பதுதான் அதன் சாரம். தடுப்பூசி இல்லாத காலம் அது. சட்டமும் பின்னால் வந்தது. இன்று அந்த நாட்டு ஆடுகளில் இந்தப் புழு இல்லை. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவும் பின்னர் இதே வழியில் போய்ப் புழுவை ஒழித்தன. இப்போது ஆடுகளுக்கென்று ஈஜி95 என்ற தடுப்பூசியும் உண்டு.

நாய்க்குக் கொடுக்கும் மருந்து பிராசிகுவாண்டெல். ஒருமுறை கொடுத்து விட்டுவிட்டால் போதாது. மறுபடி கட்டி தின்ற நாய் ஐந்தாறு வாரத்தில் மறுபடி முட்டை போடத் தொடங்கும். அதனால்தான் ஒழிப்புத் திட்டங்களில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்தார்கள். தெருநாய் நிறைந்த ஊரில் இது எளிதல்ல. கடையில் செய்யக்கூடியது எளிது. கட்டியுள்ள ஈரலையும் நுரையீரலையும் தனியே போட்டு, ஆழப் புதைக்கலாம், எரிக்கலாம். இரண்டும் முடியாத இடத்தில் அரைமணி நேரம் கொதிக்க வைத்தால் தலைகள் செத்துவிடும்.

அடுத்த வாரம் கடைக்கார அண்ணனிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ ஆட்டுக்கு சீக்கு நாய்கிட்ட இருந்து வருது. நாய்க்கு நான்தான் குடுக்குறேன், அப்படித்தானே சார்?" என்றார். ஆமாம் என்றேன். இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் மூடி போட்ட பழைய பெயிண்ட் வாளி ஒன்று இருக்கிறது. கட்டி தெரியும் ஈரல் அதற்குள் போகிறது. பின்னால் அந்த இரண்டு நாய்களும் இன்னமும் வந்து உட்காருகின்றன. அவற்றுக்கு எலும்பு மட்டும்தான்.